ஒன்பது புள்ளிக்குள் தோற்க வேண்டும்

ஜூலை 3, புதன்

ரெஜினா போய்விட்டாள். காலையில் முதல்வரிடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள். விசிலையும் ஸ்டோர் ரூம் சாவியையும் மேசையில் வைத்தாள்.

"பைபாஸ் ரோட்டுல இருக்குற காலேஜ்ல கூப்பிட்டாங்க மேம். பெர்மனென்ட் போஸ்ட். சம்பளமும் இங்க வாங்குறதுல மூணு மடங்கு."

"சந்தோஷம். போய் நல்லா இரு" என்றேன். வேறென்ன சொல்வது? காலைப் பிடித்து அழவா முடியும்?

பதினோரு வருடம் உதவிப் பயிற்சியாளராக என்னோடு இருந்தவள். கூடைப்பந்து அணி என்றால் திண்டுக்கல்லில் எங்கள் தாயம்மாள் மகளிர் கல்லூரிதான் என்று பேர் வாங்கியதில் பாதி அவள் உழைப்பு. இல்லையென்று சொல்ல நான் என்ன நன்றி கெட்டவளா? ஆனால் கல்லூரி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. போகிறவள் ஏப்ரலில் போயிருக்கலாம்.

கதவில் 'ஞானசுந்தரி, உடற்கல்வி இயக்குநர்' என்று பலகை தொங்குகிறது. இன்று சாயங்காலம் பந்துகளுக்குக் காற்றடித்ததும் அந்த இயக்குநர்தான்.

ஜூலை 5

முதலாமாண்டில் சேருவதாக இருந்த மூன்று பிள்ளைகளும் பைபாஸ் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். அரசு விளையாட்டு விடுதியில் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி வைத்தவள் ரெஜினா. அவளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வயிறெரிகிறது.

ஜூலை 8, திங்கள்

போன வருட அணியில் ஏழு பேர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். மிச்சம் ஐந்து பேர். பட்டியலில் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

இந்த லட்சணத்தில் செயலர் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கர் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எதையோ நிறுத்தப்போகிறார் என்று அர்த்தம்.

"மேடம், கூடைப்பந்துக்கு மட்டும் நாலு பிள்ளைங்க ஹாஸ்டல்ல இலவசமா இருக்கு. ரூம், மெஸ், எல்லாம் நம்ம செலவு. அதுபோக பந்து, ஷூ, டி.ஏ. ஆளே இல்லாத டீமுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"ஆள் சேர்ப்பேன் சார்."

"சேருங்க. வேண்டாம்னு சொல்லல. செப்டம்பர்ல மண்டலப் போட்டி வருதுல்ல, அதுல முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்து அடுத்த கட்டத்துக்குப் போனா திட்டம் தொடரும். இல்லைன்னா இந்த செமஸ்டரோட நிறுத்திக்குவோம்."

"நடுவுல நிறுத்துனா அந்த நாலு பேரும் படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் சார். பவுன்தாய் வீடு மலை மேல இருக்கு. தினம் வந்து போக பஸ்ஸே கிடையாது. கடைசி வருசம் வேற."

"அதனாலதான் செப்டம்பர் வரைக்கும் டைம் தர்றேன்."

அரை மணி நேரம் கத்தினேன். அந்தக் கட்டிடத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை என்று பியூன் பிறகு சொன்னார். கத்தியதில் ஒன்று கிடைத்தது. எட்டுப் பேருடன் அணியை இறக்கினால் போதும், பன்னிரண்டு வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்.

நான்கு கட்டில். அவ்வளவுதான் விஷயம். அந்த நான்கு கட்டிலை நான் விடமாட்டேன்.

ஜூலை 9

ரெஜினாவைப் பற்றி இன்று நினைக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

எங்கள் கல்லூரியில் உயரமான பிள்ளைகள் எல்லோரும் எறிபந்து ஆடுகிறார்கள். மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று வெட்கமில்லாமல் நோட்டம் விட்டேன். லிடியா என்று ஒருத்தி, இரண்டாமாண்டு கணிதம். ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்திருக்கிறாள். பந்து எங்கே வந்தாலும் தலைக்கு மேலே பிடிக்கிறாள், பிடித்த வேகத்தில் எறிகிறாள்.

"கூடைப்பந்துக்கு வர்றியா?"

"எனக்குப் பந்து தட்டத் தெரியாதே மேம்."

"நான் கத்துத் தரேன்."

"எப்ப மேட்ச்?"

"செப்டம்பர்."

சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். தோழியையும் இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

கபடி அணியிலிருந்து சோலையம்மாள் தானாகவே வந்தாள். "பயிற்சி முடிஞ்சா முட்டை குடுப்பீங்களாமே மேம், நெசமா?" என்று கேட்டாள். கொடுப்போம் என்றேன். சேர்ந்துவிட்டாள். ஆக, எட்டு.

ஜூலை 19

பார்க்கச் சகிக்கவில்லை. லிடியா பந்தைத் தரையில் தட்டினால் அது ஒரு பக்கம் போகிறது, அவள் ஒரு பக்கம் போகிறாள். சோலை அதற்கும் மேலே. எதிரில் எவளாவது பந்தோடு வந்தால் இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடிக்கிறாள். இன்று பவுன்தாயின் கணுக்காலைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டு, "புடிச்சுட்டேன் மேம்!" என்று என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

பவுன்தாய்தான் கேப்டன். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, "நல்லாத்தான் புடிச்ச. ஆனா இது வேற ஆட்டம்டி" என்றாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. விசிலை ஊதி ஊதி வாய் வலிக்கிறது.

ஆகஸ்ட் 2

பந்துகள் வழுக்கையாகிவிட்டன. புதியது வாங்கக் கேட்ட தாள் திரும்பி வந்துவிட்டது. முட்டைக்கும் நிதி இல்லையாம். பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் கேட்டேன். ஒட்டன்சத்திரத்தில் முட்டைக் கடை வைத்திருக்கும் எங்கள் பழைய சென்டர் ஆட்டக்காரி செப்டம்பர் வரைக்கும் தட்டுத் தட்டாக அனுப்புவதாகச் சொல்லிவிட்டாள். மகராசி.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று பேருந்தில் வரும்போது ஒன்று தோன்றியது. இந்தப் பிள்ளைகளுக்குப் பந்து தட்டத் தெரியாது. சரி. தட்டித்தான் ஆக வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

சாயங்காலம் எட்டுப் பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "இனிமே யாரும் பந்தைத் தட்டக் கூடாது. பந்து தரையில பட்டா ரெண்டு ரவுண்டு ஓட்டம். பிடி, எறி, ஓடு. எறிபந்து ஆடுற மாதிரியே ஆடுங்க. வலைக்குப் பதிலா கூடை இருக்கு, அவ்வளவுதான்."

"பவுன்தாயக்கா நல்லாத் தட்டுவாங்களே மேம்?" என்றாள் லிடியா.

"அவளும் தட்டக் கூடாது."

பவுன்தாய் மூன்று வருடமாகத் தட்டி ஓடியே பேர் வாங்கியவள். சிறிது நேரம் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு லிடியாவுக்கு எறிந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அரை மணி நேரத்தில் ஆட்டத்துக்கு ஒரு உருவம் வந்துவிட்டது. பந்து காற்றிலேயே போகிறது, காற்றிலேயே வருகிறது. யாரைப் பிடிப்பது என்று எதிராளிக்குத் தெரியாது. ரெஜினா இதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பிறகு நாலு திருத்தம் சொல்லியிருப்பாள். அந்த நாலு திருத்தம் என்னவென்று இரவெல்லாம் யோசித்தேன். இரண்டுதான் பிடிபட்டது.

ஆகஸ்ட் 27

போட்டிக்கான தகுதிப் படிவங்கள். ஒவ்வொருத்திக்கும் மதிப்பெண் பட்டியல், பிறந்த தேதிச் சான்று, போட்டோ, முதல்வர் கையெழுத்து, முத்திரை. இந்த வேலையெல்லாம் ரெஜினா பார்ப்பாள். பன்னிரண்டு கோடு போட்ட தாளில் எட்டுப் பெயரை எழுதிவிட்டு மிச்ச நாலு கோட்டையும் குறுக்கே அடித்தேன். 'உதவிப் பயிற்சியாளர்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு சிறு கோடு போட்டேன்.

அவள் சம்பளத்தைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறாள்தான். செயலரிடம் பேசுங்கள் மேம் என்று ஒவ்வொரு ஜூனிலும் வந்து நிற்பாள். பார்க்கலாம், அடுத்த வருடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்பேன். நான் என்ன கஜானாவின் மேலா உட்கார்ந்திருக்கிறேன்? கல்லூரி நிலைமை அப்படி.

முத்திரை மை காய்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். கேக் வெட்டினார்கள். பவுன்தாய் தனியாக வந்தாள்.

"மேம், ஜெயிக்கலைன்னா எங்க கட்டிலை எடுத்துருவாங்களாமே. மெஸ் அக்கா சொன்னாங்க."

மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆமாம் என்றேன்.

"மத்த மூணு பேருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே தெரியுமாம். உங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தாளுக."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "கூறுகெட்டவளுக" என்றாள். நாளையிலிருந்து காலையிலும் பயிற்சி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வைத்துக்கொள்ளலாம் என்றேன். என் முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது, அதை யார் கேட்டார்கள்?

செப்டம்பர் 18, புதன்

மண்டலப் போட்டி ஆரம்பம். நான்கு கல்லூரி, ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பிடித்தால் அடுத்த கட்டம்.

முதல் ஆட்டம் பழனிக்காரர்களுடன். எங்கள் பிள்ளைகள் பந்தைத் தட்டாமல் எறிந்து எறிந்து ஆடுவதைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருவன், "ஏம்மா, பந்து சுடுதா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நான்கு புள்ளியில் ஜெயித்தோம். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

கேலரிப் படியில் உட்கார்ந்து ரெஜினா எங்கள் ஆட்டம் முழுவதையும் பார்த்தாள். கையில் பேனா இருந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

பெரியகுளம்காரர்களுடன் ஆட்டம். சோலை ஐந்து ஃபவுல் செய்து வெளியே வந்துவிட்டாள். ஐந்து ஆகிவிட்டால் அந்த ஆட்டத்தில் திரும்பக் கால் வைக்க முடியாது. எதிர்பார்த்ததுதான். பெஞ்சில் உட்காரச் சொன்னால் பெஞ்சின் ஓரத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

கடைசி பத்து விநாடி. லிடியா கூடை போட்டாள். ஒரு புள்ளி நாங்கள் முன்னிலை. அந்த நிமிடத்தில் சோலை துள்ளி எழுந்து கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டாள்! நடுவில் போய்த் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். நடுவர் விசில் ஊதினார். வெளியேறியவள் உள்ளே வந்ததற்கு எங்களுக்கு டெக்னிக்கல் ஃபவுல். அவர்களுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. சமன். அடுத்த விநாடியே பதற்றத்தில் எங்களவள் ஒருத்தி எதிராளியின் கையைத் தட்டிவிட, இன்னொரு ஃப்ரீ த்ரோ உள்ளே போனது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

"ஏன்டி ஓடுன? ஏன்டி பாவி?"

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "கபடில அவுட்டாயிட்டா வெளிய உக்காரணும் மேம். நம்ம டீம் பாயிண்ட் எடுத்தா எந்திரிச்சு உள்ள வரணும். அதான் மேம்... நாம பாயிண்ட் எடுத்துட்டோம்ல?"

நான் அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். ஆனால் பவுன்தாய் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். போக வேண்டிய கட்டில் அவளுடையது, சிரிப்பதும் அவள். பிறகு சோலையும் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

சாயங்காலம் கணக்குப் போட்டோம். பைபாஸ் கல்லூரி ஆடிய இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டது. பழனி பெரியகுளத்தைத் தோற்கடித்ததால் மற்ற மூன்று அணிக்கும் தலா ஒரு வெற்றி. இந்த மாதிரி நேரத்தில் எல்லா ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தையும் கூட்டிப் பார்ப்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய வழக்கம். லிடியா கணிதக்காரியல்லவா, மனக்கணக்கிலேயே சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு பைபாஸ் காலேஜ்கிட்ட ஜெயிக்கணும்னு இல்ல மேம். ஒம்பது பாயிண்டுக்குள்ள தோத்தாப் போதும். நமக்கு ரெண்டாவது இடம். பத்துல தோத்தா போச்சு, பெரியகுளம் போயிரும்."

ரெஜினாவுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 20, வெள்ளி

முழுவதையும் எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

காலையிலேயே ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஏழு பேர். ஆட்டம் ஆரம்பித்த உடனேயே தெரிந்துவிட்டது, ரெஜினா இரண்டு நாளும் சும்மா எழுதவில்லை. எங்கள் ஒவ்வொருத்தி மேலும் ஒருத்தியை ஒட்டவிட்டாள். கையைத் தூக்கினால் எதிரே ஒரு கை. பந்தை எறிய இடமே இல்லை. திணறிப்போனோம். திணறினால் ஃபவுல் வரும். சோலை இடைவேளைக்கு முன்பே வெளியேறினாள். இந்த முறை பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இன்னொருத்தி போனாள். கடைசிக் கால்பகுதியில் மேலும் இரண்டு பேர். உள்ளே மூன்று பேர் மிச்சம்: பவுன்தாய், லிடியா, போன வருட அணியிலிருந்த ஷர்மிளா பானு. எதிரே ஐந்து பேர்.

இரண்டு பேர் நிற்கும்வரை ஆட்டம் நடக்கும், அதுதான் சட்டம். ஒருத்தி மட்டும் என்றால் ஆட்டம் முடிந்தது.

கடைசி ஒரு நிமிடம். எட்டுப் புள்ளி பின்தங்கி இருக்கிறோம். ரெஜினா டைம் அவுட் கேட்டாள். இனி விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஏற்கெனவே முதலிடம் உறுதி. மாற்று ஆட்டக்காரர்களை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கலாம், ஒரு குறையும் வராது. இல்லை! அதே ஐந்து பேரைத் திரும்ப இறக்கினாள். "ஒட்டு, ஒட்டு, விடாத!" என்று கோட்டோரம் நின்று கத்துகிறாள். அடிப்பாவி என்று வாய்விட்டே திட்டினேன். அவள் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

மூன்று பேரும் பந்தைத் தரையில் விடாமல் எறிந்துகொண்டே இருந்தார்கள். கூட்டம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. பானு எறிந்தது கூடையில் பட்டு வெளியே வந்தது. அவர்களுடைய உயரமான பிள்ளை, ரெஜினா விடுதியிலிருந்து கூட்டிப்போன அதே பிள்ளை, பந்தைப் பிடித்துக்கொண்டு தனியாக ஓடினாள். முன்னால் யாருமே இல்லை. போட்டால் பத்து. நான்கு கட்டிலும் போச்சு.

பவுன்தாய் பின்னாலிருந்து ஓடினாள். அவளுக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல். கூடைக்கு அடியில் எம்பிப் பந்தைத் தட்டப் பார்த்தாள், கை அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் பட்டது. விசில். அஞ்சாவது.

அவள் நடுவரைக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பெஞ்சுக்கு நடந்து வந்தாள். "ரெண்டு பாயிண்டு சும்மா போறதுக்கு, ரெண்டு ஃப்ரீ த்ரோ எவ்வளவோ தேவலை மேம்" என்றாள். மூச்சு வாங்குகிறது. "பானு இருக்கா, லிடியா இருக்கா. ரெண்டு பேர் போதும்ல?"

போதும் என்றேன்.

முதல் ஃப்ரீ த்ரோ உள்ளே போனது. ஒன்பது. இரண்டாவது போனால் பத்து. அந்தப் பிள்ளை பந்தை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். எறிந்தாள். வளையத்தின் ஓரத்தில் பட்டு எகிறியது. லிடியா அத்தனை பேருக்கும் மேலே எம்பி இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தில் பானுவுக்கு எறிந்தாள். பானு திரும்ப எறிந்தாள். ஐந்து பேர் நடுவில் பாய்ந்து பாய்ந்து விழ, இரண்டு பேரும் தலைக்கு மேலே எறிந்துகொண்டே இருந்தார்கள். மேசையில் மணி அடித்தது.

ஒன்பது புள்ளியில் தோற்றோம்!

பிள்ளைகள் மைதானத்தில் விழுந்து புரண்டு கத்தினார்கள். சோலை பவுன்தாயைத் தோளில் தூக்கிவிட்டாள். பார்க்க வந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "தோத்ததுக எதுக்குங்க இந்த ஆட்டம் ஆடுதுக?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் ஸ்கோர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். எல்லோரும் பார்க்கத்தான் அழுதேன்.

ரெஜினா கை கொடுக்க வந்தாள்.

"கடைசி நிமிசத்துலயாவது விட்டிருக்கக் கூடாதாடி?" என்றேன்.

"விட்டிருந்தா நீங்க என் முகத்துல முழிச்சிருப்பீங்களா மேம்?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

இருவரும் சிரித்தோம். கையை இன்னும் விடவில்லை. அவள் எங்கள் பிள்ளைகள் பக்கம் பார்த்தாள். கட்டில் விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. பியூன் சொல்லியிருப்பார்.

"செயலர் ரூம்ல பயங்கரமா சத்தம் போட்டீங்களாமே இதுகளுக்காக?"

"ஆமா. போடாம?"

"நல்லது மேம்." குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்காக ஒரு தடவ அப்படிப் போட்டிருந்தீங்கன்னா, நான் எங்கயும் போயிருக்க மாட்டேன்."

கையை விடுவித்துக்கொண்டு அவள் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

செப்டம்பர் 21

இன்று எங்கும் போகவில்லை. வலிக்கிறது. முழங்காலைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

செயலர் சந்தோஷமாக இருந்தார். பத்திரிகையில் கல்லூரி பேர் வந்திருந்தது. நான்கு கட்டிலும் அந்தப் பிள்ளைகள் படிப்பை முடிக்கும்வரை இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கியதும் ஓடிப்போய்ப் பவுன்தாயிடம் காட்டினேன் என்று எழுத ஆசை. ஆனால் உடனே கிளம்பவில்லை.

"வேற என்ன வேணும் மேடம்? புது பந்து வாங்கிக்குவோமா?"

"உதவிப் பயிற்சியாளர் வேணும் சார்."

"பாத்துக்கலாம். ஒரு பத்தாயிரத்துக்கு யாராவது கெடைப்பாங்க."

"கெடைக்க மாட்டாங்க. நிரந்தரப் பணியிடம், முழுச் சம்பளம், வருசா வருசம் உயர்வு. அத இப்பவே எழுதுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் கத்த ஆரம்பித்தேன். போன முறை அரை மணி நேரம், இந்த முறை அதற்கும் மேலே. வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் காகிதத்தை எடுத்தார்.

"சரி, சரி. யாரு மேடம் அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க."

"ஆள் யாரும் இல்ல சார்."

பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஆளே இல்லாம யாருக்காக இந்தச் சத்தம் போடுறீங்க?"

எழுதுங்கள் என்று காகிதத்தைக் காட்டினேன். எழுதினார்.